இரண்டு ஏக்கர் பல்கலைக்கழகம்

உலகக் கல்வி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய ஆண்டுகள் இரண்டே இரண்டு. ஒன்று 1862. மற்றொன்று போன வருடம்.

முதலாவது ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் களேபரத்திலும் அந்நாட்டு அரசாங்கம் சற்றே நிதானித்து, மாநிலங்களுக்கு லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தை அள்ளிக் கொடுத்தது. "இதை வைத்துக் கல்லூரி நடத்துங்கள். உழவன் பிள்ளைக்கு உழவும் தொழிலாளி பிள்ளைக்கு இயந்திரமும் கற்றுக்கொடுங்கள். கூடவே இலக்கியத்தையும் தத்துவத்தையும் விட்டுவிடாதீர்கள்" என்றது. இப்படிச் செயல்முறைக் கல்வியும் பரந்த கல்வியும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்த ஆரம்பித்தன. அமெரிக்கா இன்று இருக்கும் இருப்புக்கு இதுதான் மூல காரணம் என்று எங்கள் தாளாளர் சொல்கிறார்.

இரண்டாவது ஆண்டில் எங்கள் தாளாளர் அமெரிக்கா போய்விட்டு வந்தார்.

எங்கள் கல்லூரி திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் தவறவிட முடியாது. கட்டடத்தைவிடத் தாளாளரின் பேனர் பெரியது. நான் அங்கே பதினாறு வருடமாகத் தமிழ்ப் பேராசிரியர். பெயர் அன்பரசன். வகுப்பு நேரம் போக, சுற்றறிக்கை எழுதுவது, வாழ்த்துப்பா எழுதுவது, தாளாளரின் பெயருக்கு முன்னால் புதுப்புது அடைமொழி சேர்ப்பது ஆகிய ஆராய்ச்சிப் பணிகளில் ஈடுபட்டிருப்பவன். ஆகவே இந்த வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர் யாருமில்லை. வேறு யாரும் முன்வரவும் இல்லை.

தாளாளர் பாலாஜி அவர்கள் அமெரிக்கா போனது மகனைப் பார்க்க. மகன் படிப்பது நான் சொன்ன அந்த நிலம் பெற்ற பல்கலைக்கழகங்களில் ஒன்றில். பன்னிரண்டு நாள் இருந்தார். திரும்பி வந்ததும் பயணக் களைப்பைக்கூடப் பொருட்படுத்தாமல் ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார்.

"அங்க ஒரு பொண்ணு சார். காலையில அஞ்சரை மணிக்கு மாட்டுக் கொட்டாயில பால் கறக்குது. பத்து மணிக்கு அதே பொண்ணு கிளாஸ்ல உக்காந்து கிரேக்கத் தத்துவம் படிக்குது. நடுவுல கை கழுவிச்சானு கூடத் தெரியலை!"

நாங்கள் கைதட்டினோம். கழுவாத கைக்கும் சேர்த்தே தட்டினோம்.

"நம்ம ஊர்ல இன்னா நடக்குது? விவசாயம் தெரிஞ்சவனுக்குப் படிப்பு இல்ல. படிச்சவனுக்கு விவசாயம் தெரியல. இந்த ரெண்டையும் நாமதான் சேக்கப் போறோம். இன்னியிலருந்து நம்ம காலேஜு, அமெரிக்க முறை காலேஜு."

வேளாண்மைத் துறைத் தலைவர் விமல்ராஜ் கையை உயர்த்தினார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் படித்தது இயந்திரப் பொறியியல். அந்தத் துறையில் சேர ஆள் வராமல் போனதும் கதவில் இருந்த பலகையை மட்டும் மாற்றினார்கள். உள்ளே அவர் அதே நாற்காலியில் அதே மின்விசிறிக்குக் கீழே வேளாண்மை நிபுணராக எழுந்து நின்றார்.

"சார், பால் கறக்கறதுக்கு எத்தினி மார்க்கு?" என்று கேட்டார்.

"இருபத்தஞ்சு."

"தத்துவத்துக்கு?"

"அதுவும் இருபத்தஞ்சு. பரந்த கல்வியை அன்பரசன் சார் பாத்துப்பார். அவருக்குதான் டைம் கீது."

இவ்வாறாக நான் 'பரந்த கல்விப் புல முதன்மையர்' ஆனேன். உலகின் பல நாடுகளில் இப்பதவியை அடையப் பெரும் புலமை வேண்டும். எங்கள் கல்லூரியில் டைம் இருந்தால் போதும்.

செயல்முறைக் கல்வி மறுநாளே தொடங்கியது. நம் நாட்டில் செயல்முறை என்றால் என்ன என்பதை விவரம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செயல்முறை என்றால் ரெக்கார்டு நோட்டு. பழுப்பு அட்டை, ஒரு பக்கம் கோடு போட்டது, மறுபக்கம் படம் வரைய வெள்ளை. அதில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் செயல் முடிந்தது. விமல்ராஜ் ஒரு மாதிரி ரெக்கார்டு தயாரித்துப் பலகையில் எழுதிப்போட்டார். மாணவர்கள் பார்த்து எழுதினார்கள்.

நோக்கம்: பசுவிடமிருந்து பால் கறத்தல்.

தேவையான பொருள்கள்: பசு (1), கன்று (1), வாளி (1), விளக்கெண்ணெய் (தேவையான அளவு).

செய்முறை: பசு அணுகப்பட்டது. கன்று அவிழ்த்துவிடப்பட்டது. பின்னர் பிடித்துக் கட்டப்பட்டது.

முடிவு: 3.2 லிட்டர் பால் கறக்கப்பட்டது.

பசு இன்னும் வாங்கப்படவில்லை. விலைப்புள்ளி கேட்டிருந்தோம். ஆயினும் அந்த வராத பசு, அறுபத்திரண்டு மாணவர்களில் அறுபத்தொரு பேருக்கு ஆளுக்கு 3.2 லிட்டர் கறந்தது. காமதேனுவுக்குக் கூட இந்த ஒழுங்கு கிடையாது.

விட்டுப்போன ஒரே ஒருத்தி கீர்த்தனா. இரண்டாம் வருட மாணவி. கல்லூரிச் சுவரை ஒட்டியிருக்கும் இரண்டு ஏக்கர் அவர்கள் வீட்டு நிலம். வகுப்புக்கு வருவதற்கு முன் அந்த நிலத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருவாள். அவள் நோட்டில், "முடிவு: மாடு இல்லாததால் பால் கறக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தாள். விமல்ராஜ் சிவப்பு மையில் 'முடிவு தவறு' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

"சார், மாடு இல்லியே சார்" என்றாள்.

"மாதிரி ரெக்கார்டுல மாடு கீதா இல்லியா?"

"அதுல கீது சார்."

"அப்பறம் இன்னா?"

இந்த வாதத்தை மறுக்கத் தர்க்கம் தெரிந்திருக்க வேண்டும். தர்க்கம் பரந்த கல்வியில் வருகிறது. நான் அந்தப் பாடத்துக்கு இன்னும் வரவில்லை. என் வகுப்பில் நான் டீ குடிக்கப் போகும் நேரங்களில் மாணவர்களை நூலகத்துக்கு அனுப்பிவிடுவேன். அவர்கள் சுயமாகப் பரந்துகொள்வார்கள்.

இந்த நிலையில்தான் தாளாளர் அடுத்த அடி எடுத்து வைத்தார். கல்லூரியைப் பல்கலைக்கழகமாக்க விண்ணப்பம் போட்டார். தகுதி நிர்ணயிக்க ஒரு குழு வருவதாகப் பதில் வந்தது. பதிலோடு பதினெட்டுப் பக்கப் படிவம். அதில் ஒரு வரி எல்லோரையும் உலுக்கிவிட்டது: 'குறைந்தது இரண்டு ஏக்கரில் பயிருடன் கூடிய செயல்முறைப் பண்ணை இருத்தல் வேண்டும்.'

எங்களிடம் எட்டு ஏக்கர் இருக்கிறது. ஆனால் அதில் கட்டடம், பஸ் ஷெட், தாளாளரின் அப்பா சிலை போக மீதியெல்லாம் சிமென்ட் தளம். பௌர்ணமிக்கு கிரிவலம் வரும் வேன்கள் நிற்கும் இடம் அது. சிமென்டில் பயிர் முளைக்க வைக்கும் தொழில்நுட்பம் அமெரிக்காவிலும் இன்னும் வரவில்லை.

"இரவல் வாங்கிடலாம் சார்" என்றார் விமல்ராஜ்.

ஆய்வுக்கு இரவல் வாங்குவது எங்கள் தொழிலில் ஒரு பண்பாடு. எங்கள் நூலகப் புத்தகங்களில் பாதி வேறொரு கல்லூரியின் முத்திரையோடு இருக்கும். போன ஆய்வுக்கு வந்தவை, திரும்பிப் போக வேன் கிடைக்கவில்லை. ஒரே முனைவர் மூன்று கல்லூரிகளில் மூன்று விதமாக வகிடு எடுத்துக்கொண்டு மூன்று துறைகளுக்குத் தலைவராக இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் நிலத்தை இரவல் வாங்குவது என்பது கல்வி உலகில் இதுவே முதல் முறை. அந்தப் பெருமைக்குரிய பணியை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

நான் போனபோது கீர்த்தனாவின் அம்மா வெள்ளையம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தார். புருஷன் சடையன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். பாதி மாதம் வெளியூர். நிலத்தில் மல்லாட்டை. நிலக்கடலை என்று நான் எழுத்தில் சொல்வேன். அங்கே அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது.

"ஒரு நாளைக்குதான்மா. போர்டு ஒண்ணு வெப்போம். குழு வரும், பாக்கும், போயிடும்."

"என்னிக்கு சார்?"

"ஐப்பசி மூணாந்தேதி."

அவர் ஒரு செடியைப் பிடுங்கினார். ஒரு காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தை என்னிடம் காட்டினார். "உள்ள இன்னும் வெள்ளையா கீது பாருங்க. முத்துனா இதுல கறுப்பு விழும். அஞ்சு, ஆறு தேதிக்குப் புடுங்கிடுவேன். நீங்க மூணாந்தேதி பாத்துட்டுப் போயிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. அத்தத் தாண்டக் கூடாது. ஐப்பசி மழை வந்து உக்காந்துச்சின்னா காயி மண்ணுக்குள்ளயே மொளச்சிடும். ஒரு கொட்டை தேறாது."

"தாண்டாதும்மா. கல்லூரி வார்த்தை."

"பொண்ணு படிக்குதேன்னுதான் சார் குடுக்கறேன்" என்று சொல்லிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நான் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

அதில் நாங்கள் எழுதியிருந்தது 'ஒரு நாள்' என்றல்ல. அது கொச்சை. 'ஆய்வும் ஆய்வைச் சார்ந்த பணிகளும் நிறைவுறும் வரை' என்று எழுதியிருந்தோம். எழுதியவன் நான். ஓசை நயத்துக்காகத்தான் எழுதினேன் என்று அப்போது நம்பினேன்.

மறுநாள் வேலி வந்தது. இரும்புக் கேட் வந்தது. பச்சைப் பலகை வந்தது: 'செயல்முறைப் பண்ணை. அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி.' வாட்ச்மேன் சுப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்று மாலை வெள்ளையம்மாள் நிலத்துக்கு வந்தபோது சுப்பன் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார்.

"ஐடி கார்டு எடுத்தாந்தியாக்கா?"

"எங்க நெலத்துக்கு இன்னாத்துக்குடா கார்டு?"

"நெலத்துக்கு இல்லக்கா. கேட்டுக்கு."

ஐப்பசி இரண்டாம் தேதி ஒரு மின்னஞ்சல் வந்தது. 'நிர்வாகக் காரணங்களால்' குழுவின் வருகை இருபதாம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. காலண்டரைப் பார்த்தவர்களுக்கு அந்த நிர்வாகக் காரணம் புரிந்துவிட்டது. இருபதாம் தேதிக்கு முந்தின நாள் பௌர்ணமி. திருவண்ணாமலைக்கு ஆய்வுக்கு வருகிற எந்தக் குழுவும் பௌர்ணமியை விட்டு வேறு நாளில் வந்ததாக வரலாறு இல்லை. அன்னாபிஷேகமும் பார்த்துவிடலாம், மலையும் சுற்றிவிடலாம், பயணப்படியும் வந்துவிடும். ஆன்மிகமும் நிர்வாகமும் இவ்வளவு இசைவாகச் சேரும் இடம் வேறு எது?

ஐந்தாம் தேதி வெள்ளையம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளங்கையில் இரண்டு காய். சுவர்ப் பக்கமாக வேலிக்குள் கையை விட்டுப் பிடுங்கியதாம். தாளாளரின் மேசைமேலேயே உடைத்துக் காட்டினார். ஓட்டுக்குள் கறுப்பு விழுந்திருந்தது.

"இப்போ புடுங்கணும் சார். ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன். நாளைக்குப் பத்து பேரு வராங்க."

"புடுங்கிட்டா குழுவுக்கு இன்னாத்தம்மா காட்டறது?" என்றார் தாளாளர். "'பயிருடன் கூடிய'னு போட்டுகீது. நீங்களே படிச்சிப் பாருங்க."

"பயிர் நின்னா போதுமா சார்? காயி போயிடுமே."

"காய் மண்ணுக்குள்ளதானே கீது? யாரு பாக்கப் போறாங்க?"

வெள்ளையம்மாள் என்னைப் பார்த்தார். 'கல்லூரி வார்த்தை' சொன்ன வாய் என்னுடையது அல்லவா. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் புல முதன்மையர் பதவியில் இருப்பவருக்குச் சுருக்கென்பது அழகல்ல. நான் காலண்டரைப் பார்த்தேன்.

மறுநாள் கீர்த்தனா துறைத் தலைவரின் அறைக்குப் போனாள். நானும் அங்கே இருந்தேன்.

"சார், எங்க கிளாஸ்ல அறுபத்திரண்டு பேர் கீறோம். எல்லார்கிட்டயும் கார்டு கீது. மல்லாட்ட புடுங்கறதையே செய்முறையா வெச்சிக்கலாம் சார். ஒரே நாள்ல முடிச்சிடுவோம். எங்கம்மா எப்படிப் புடுங்கறது, காய் எப்படி ஆயறதுனு வெளிய நின்னே சொல்லிக் குடுப்பாங்க. குழுவுக்கு வேணா ஓரமா பத்து வரிசை விட்டுடலாம்."

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் என்ன நினைத்துச் சட்டம் போட்டார்களோ, அதை இந்தப் பெண் நாலு வரியில் சொல்லிவிட்டாள். விமல்ராஜ் நோட்டைப் புரட்டினார்.

"அறுவடை பதினாலாவது எக்ஸ்பெரிமென்ட்டு. நாம இப்போ ஆறாவதுல கீறோம். விதை நேர்த்தி. அதுக்கு நடுவுல ஏழு கீது."

"மழை வந்துடும் சார்."

"மழை ஒன்பதாவது."

எட்டாம் தேதி மழை வந்தது. விமல்ராஜின் வரிசையை மதிக்காமல் வந்தது. ஏழு நாள் விடாமல் அடித்தது. மழை விட்ட மறுநாள் காலை கீர்த்தனா கழுத்தில் கார்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்த் தனியாக மூன்று வரிசை பிடுங்கினாள். சுப்பன் ஓடிவந்து சொன்னார். 'கல்லூரியின் செயல்முறைப் பண்ணையைச் சேதப்படுத்தியமைக்காக' அவளுக்கு மெமோ போனது. பெற்றோரை அழைத்துவரச் சொன்னோம். தம் நிலத்தில் தம் மகள் தம் மல்லாட்டையைப் பிடுங்கியதற்காக வெள்ளையம்மாள் எங்களிடம் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தின் வாசகம் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அதிலும் ஓசை நயம் இருந்தது.

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் பெரிய கல்விமான். முந்தின நாள் செருப்பில்லாமல் பதினாலு கிலோமீட்டர் சுற்றியதில் அவருடைய இரண்டு பாதமும் கொப்பளித்திருந்தன. ஆகவே ஆய்வு முழுவதையும் காரிலிருந்தே நடத்துவதாகப் பெருந்தன்மையுடன் முடிவு செய்தார். கார் நூலகத்தைச் சுற்றியது. ஆய்வகத்தின் ஜன்னலோரம் நின்றது. எங்களுடைய 'அமெரிக்கப் பேராசிரியரை'க் காருக்குப் பக்கத்தில் அழைத்துவந்து காட்டினோம். ஆசிரமப் பக்கத்து காபிக் கடை ஒன்றில் தாளாளர் கண்டுபிடித்த வெள்ளைக்காரர் அவர். எந்த நாடு என்று தெரியாது. மௌன விரதத்தில் இருப்பதாகக் கழுத்தில் அட்டை தொங்கியது. இவ்வளவு அடக்கமான பேராசிரியரைத் தாம் பார்த்ததே இல்லை என்று குழுவில் ஒருவர் குறித்துக்கொண்டார்.

கடைசியில் பண்ணை. கேட் திறந்தது. சேற்றில் கார் போகாது. "ஒரு செடி கொண்டாங்க, பாப்போம்" என்றார் தலைவர். நிலத்துக்குப் போகாமல் நிலத்தைத் தன்னிடம் வரவழைக்கும் ஆற்றல் உயர்கல்வியின் உச்சியில் இருப்பவர்களுக்கே வரும். கீர்த்தனா போய் ஒரு செடியைப் பிடுங்கி ஜன்னலில் நீட்டினாள்.

காய்களெல்லாம் வெடித்திருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளையாக வேர் நீட்டிக்கொண்டிருந்தது. சிலவற்றில் பச்சை இலைகூட.

"இது இன்னா?" என்றார் தலைவர்.

விமல்ராஜ் ஒரு கணம் திகைத்தார். ஒரே ஒரு கணம்தான். "புது முறை சார். அறுவடைக்கும் விதைப்புக்கும் நடுவுல கேப்பே கெடையாது. ஒரு பயிர் நிக்கும்போதே கீழ அடுத்த பயிர் ரெடியாயிடும்."

"பிரமாதம்" என்றார் தலைவர். மற்ற இருவரும் அதை ஒரே வார்த்தையில் எழுதிக்கொண்டார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மாள் நின்றிருந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். போடவில்லை. அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி மாதத்திலிருந்து குனிந்து நிமிர்ந்தது அத்தனையும் அந்தக் கார் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. அழாமல் இருந்தாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தலைவர் நல்ல மனநிலையில் இருந்தார். "உன் பேர் இன்னாம்மா? கீர்த்தனாவா? அமெரிக்காவுல நிலம் வாங்கித் தொடங்குன பல்கலைக்கழகம்னு உங்க தாளாளர் சொல்றாரே, அதப் பத்தி எதனா தெரியுமா?"

"தெரியும் சார். உழைக்கறவங்க பிள்ளைங்க படிக்கறதுக்கு கவர்மென்ட்டு நெலம் குடுத்துச்சி."

"வெரி குட்."

"ஆனா அது கவர்மென்ட்டு நெலம் இல்ல சார். அங்க மொதல்லயே பூர்வகுடிங்க இருந்தாங்க. ஒப்பந்தம்னு சொல்லிக் கையெழுத்து வாங்கி, சில எடத்துல அது கூட இல்லாம, எடுத்துக்கிட்டாங்க. அத்தத்தான் காலேஜுக்குக் குடுத்தாங்க. அந்தப் பூர்வகுடிப் பிள்ளைங்க யாரும் அங்க படிக்கல."

"இதெல்லாம் எங்கம்மா படிச்ச?"

"லைப்ரரியில சார். பரந்த கல்வி பீரியட்ல."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரவல் புத்தகங்களை உடனுக்குடன் திருப்பியனுப்ப வேண்டும் என்ற விதியின் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. மௌன விரதப் பேராசிரியர் மட்டும் மெல்லத் தலையை ஆட்டினார். அவருக்குத் தமிழ் தெரியுமா என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் தாளாளர் லேசுப்பட்டவர் அல்ல. "பாத்தீங்களா சார்? விவசாயி வூட்டுப் பொண்ணு. கையில மல்லாட்ட, வாயில உலக வரலாறு. இதுதான் சார் நான் சொன்ன கல்வி. அமெரிக்காவுல எப்படிப் பண்ணாங்களோ, ஒண்ணு விடாம அப்படியே நாங்களும் பண்றோம்!"

அவர் வாழ்நாளில் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். தலைவர் கைதட்டினார். காரின் கண்ணாடி ஏறியது.

ஒரே மாதத்தில் நாங்கள் பல்கலைக்கழகம் ஆனோம். 'நிலத்தோடு பிணைந்த கல்வி' என்று குழு எங்களைப் பாராட்டியிருந்தது. கூடவே, அடுத்த ஐந்து வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் முன்னறிவிப்பின்றி வருவோம், பண்ணை பயிருடன் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது.

வெள்ளையம்மாள் வந்தார். "குழு வந்துட்டுப் போயிடிச்சில்ல சார். காயி போனது போச்சி. கேட்டக் கழட்டுங்க. மார்கழிப் பட்டத்துக்கு வெதைக்கணும்."

ஆய்வைச் சார்ந்த பணிகள் இன்னும் நிறைவுறவில்லை என்பதை நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். ஐந்து வருடம் என்றேன். கீர்த்தனா பக்கத்தில் நின்றாள். அவளுக்கு இன்னும் ஒன்றரை வருடப் படிப்பு எங்கள் கையில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருவரும் போய்விட்டார்கள்.

குழுவின் அறிக்கையில் இன்னொரு பரிந்துரையும் இருந்தது: பல்கலைக்கழகத்தின் அறிவு சுற்றுப்புற விவசாயிகளுக்கும் சேர வேண்டும். தாளாளர் நெகிழ்ந்துபோனார். அமெரிக்காவிலும் அப்படித்தானாம், பேராசிரியர்கள் வயலுக்கே போய்ச் சொல்லிக் கொடுப்பார்களாம். உடனே ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று தொடங்கினோம்: 'நிலக்கடலைச் சாகுபடி, விவசாயிகளுக்கு.' கற்பிப்பவர் விமல்ராஜ். சேருகிறவர்களுக்குச் சீருடைத் தொப்பி, நோட்டு, அடையாள அட்டை. சேர்க்கைக் குழுவுக்கு நானே தலைவர். இரண்டு வாரம் ஒருவரும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது.

விண்ணப்பதாரர்: வெள்ளையம்மாள். நிரப்பியது மகளின் கை. 'கல்வித் தகுதி' என்ற இடத்தில் 'நாலாவது' என்றிருந்தது. எங்கள் விதிப்படி பத்தாவது தேறியிருக்க வேண்டும். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'முப்பது வருடம்' என்றிருந்தது. அதற்கு எங்கள் விதியில் மதிப்பெண் இல்லை. 'இப்படிப்பில் சேர விரும்புவதற்கான காரணம்' என்ற கட்டத்தை மட்டும் மகளிடம் கொடுக்காமல் அவரே எழுதியிருந்தார். எழுத்து பெரிது பெரிதாக, கட்டத்தை மீறி வெளியே வந்திருந்தது: 'உள்ள போவணும். அது எங்க நெலம்.'

நான் அதை இரண்டு முறை படித்தேன். பிறகு பேனாவைத் திறந்து, 'காரணம் போதுமானதாக இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.